கயிற்றை அறுத்தது யார்?

"அண்ணே, போர் மோட்டாரு கயித்த எவனோ அறுத்து வுட்டுட்டான். ஒடனே கிளம்பி வாங்க."

போன ஞாயிறு காலையில், விக்கிரமங்கலத்திலிருந்து என் சித்தப்பா மகன் செல்வராசு போன் செய்தான். இப்படி ஒரு போன் வந்தால் பதறுவதுதான் நியாயம். நானோ, 'யாராக இருக்கும்?' என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். சந்தேகம் என் பிறவிக் குணம். பால்காரர் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தால்கூட, பாலைத்தான் உற்றுப் பார்ப்பேன்.

பெரம்பலூரிலிருந்து பைக்கில் கிளம்பினோம். நானும், காலேஜில் கெமிஸ்ட்ரி நடத்தும் என் மனைவியும்.

ஆழ்துளைப் போருக்குள் மோட்டாரைத் தாங்கிக்கொண்டிருந்த நீல நைலான் கயிறு, வாய்ப்பக்கத்திலேயே அறுந்திருந்தது. மோட்டார் ஆழத்துக்குப் போய்விட்டது. மேலே இரும்புக் கிளாம்பில் கட்டியிருந்த ஒரு முழத் துண்டுதான் மிச்சம். மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற நேரம்... இந்த வாரம் தண்ணீர் பாய்ச்சாவிட்டால் மொத்த வெள்ளாமையும் போய்விடும்.

"யாரு மேல டவுட்டு?" என்றேன், போலீஸ் தோரணையில்.

"பக்கத்து வயலு தங்கவேல் மாமாதான். வரப்புல நின்ன வேப்பமரத்த நான் வெட்டுனதுலேர்ந்து ரெண்டு வருசமா மொகத்தத் திருப்பிக்கிட்டுத்தான் போறாரு. காலையிலயே அவரு வூட்டு வாசல்ல நின்னு நல்லா கேட்டுட்டு வந்துட்டேன். வாங்கண்ணே, ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளைன்ட் குடுத்துடுவோம்."

சந்தேகத்தில் ஒரு வசதி உண்டு. ஆள் கிடைத்துவிட்டால் போதும், ஆதாரம் தானாக வந்து சேரும். அறுந்த முனை எனக்கும் கத்தி வைத்தது போலத்தான் தெரிந்தது. பைக் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன்.

மனைவி அந்தத் துண்டைப் பிடித்து லேசாக வளைத்தார். படக்கென்று இன்னோர் இடத்தில் ஒடிந்தது. விரலெல்லாம் நீலப் பொடி. பிறகு கிளாம்பிலிருந்த முடிச்சை மெல்லப் பிரித்தார். முடிச்சுக்குள் இருந்த பாகம் மட்டும் நேற்று வாங்கியது போலப் பளபளத்தது. முறுக்கிப் பார்த்தார், ஒடியவில்லை.

"கத்தி இல்ல செல்வராசு... வெயிலு."

"வெயிலு எங்கயாச்சும் கயித்த அறுக்குமா அண்ணி?"

"இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத நீள நீளமான சங்கிலிங்க இருக்கு. ஒடைக்காத சேமியா மாதிரி ஒண்ணோட ஒண்ணு சிக்கி நிக்கிறதுலதான் பலமே. வெயிலு படப்பட அதுங்க துண்டாவும். நுனியில கொஞ்சம் போனா பரவால்ல. நடுவுல ஒடைஞ்சா நீளமே பாதியாயிடும். எடை குறையாது, பாக்கக் கயிறு மாதிரியேதான் இருக்கும். ஆனா பொடிச்ச சேமியா... பிடிப்பு போயிடும்."

நான் விடுவேனா? "பல வருஷமா இதே எடத்துலதான இருக்கு? அப்பல்லாம் அறுக்காத வெயிலு இப்ப மட்டும் எப்படி அறுக்கும்?" என்று மடக்கினேன்.

மனைவி சுற்றிலும் பார்த்தார். "அந்த வேப்பமரம் எங்க நின்னுச்சு?"

 செல்வராசு கையைக் காட்டினான் — போரை ஒட்டினாற்போல ஓர் அடிக்கட்டை. மரம் இருந்தவரை கயிற்றுக்கு அதன் நிழல்தான் காவல். அதை வெட்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை.

ஸ்டேஷன் பேச்சு அதோடு நின்றது. ஆனால் மோட்டார் மேலே வந்துவிடுமா? சோளத்துக்குத் தண்ணீர் வேண்டும். பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு போர். அது யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா?

மூவருமாகத் தங்கவேல் வீட்டுக்குப் போனோம். செல்வராசு தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். 

"தண்ணி எடுத்துக்க. சோளம் என்ன பண்ணுச்சு, பாவம்," என்றார் தங்கவேல். "ஆனா செல்வராசு... காலையில நீ திருட்டுப் பயலேன்னு வாசல்ல நின்னு கத்துனப்ப, என் மருமவ உள்ள இருந்துச்சு. கல்யாணமாயி வந்து ஒரு மாசங்கூட ஆவல. அதுகிட்டயும் இந்த வெயிலு கதையச் சொல்லிட்டுப் போ."

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணே மூவருக்கும் காபி கொண்டுவந்தது. நிமிர்ந்து பார்த்து வாங்கியவர் என் மனைவி மட்டும்தான்.