படங்கு முடிச்சு

கொழும்பு நாடகக் குழுவில் அவள் பெயர் தர்ஷனி. தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வைத்த பெயர் சுதர்ஷினி. பாடகியாகச் சேர்ந்த முதல் நாள் ஊர் கேட்டார்கள். "கித்துல்கல" என்றாள், தோட்டம் என்று சொல்லவில்லை. சிங்களம் சரளமாக வந்ததால் சிங்களப் பெண் என்றே எடுத்துக்கொண்டார்கள்; யாரும் மேலே கேட்கவில்லை. ஆறு வருடம் அந்தப் பாதிப் பதிலிலேயே ஓடியது.

தோட்டத்துப் பெண் என்றதும் அறை வாடகைக்குத் தர யோசித்த வீடுகளை அவள் பார்த்திருக்கிறாள். இதை எழுதுவதற்காக அவளிடம் பேசியபோது, வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள்தான் என்றேன். "அவங்க வெக்கத்த அவங்க படட்டும். நான் செஞ்சத எழுதுங்க" என்றாள்.

இந்த வருடம் குழு, ஐம்பது வருடப் பழைய சிங்கள ராக் இசை நாடகம் ஒன்றைப் புதுப்பித்து ஊர் ஊராகக் கொண்டுபோனது. கிட்டாரும் டிரம்ஸும் அதிர, அடிமைகள் அரசனை எதிர்த்துப் பாடும் கதை. இம்முறை அடிமைகள் கொழுந்து பறிக்கும் பெண்கள் போல இருக்கட்டும் என்றார் இயக்குநர். செடி கிழிக்காமலிருக்க இடுப்பைச் சுற்றிச் சாக்குத் துணியை, படங்கை, கட்ட வேண்டும். யாருக்கும் கட்டத் தெரியவில்லை. பள்ளி விடுமுறையெல்லாம் அம்மாவோடு கொழுந்து பறிக்க மலைக்குப் போனவளும் தெரியாதவள் போல, சேலைக் கொசுவம் மாதிரி அதைச் செருகிக்கொண்டாள். அப்படியே நின்று, மனிதர் எல்லோரும் சமம் என்று பன்னிரண்டு ஊர்களில் பாடினாள்.

அடுத்தது அவள் தோட்டத்துக்குப் பக்கமுள்ள கரவனெல்ல, பிற்பகல் காட்சி. வீட்டுக்கு அவள் சொல்லவில்லை. பஸ் நிறுத்தத்துப் போஸ்டரில் மகளின் முகத்தைப் பார்த்து, அரை நாள் வேலையை விட்டுவிட்டு அம்மா பிரேமலதா வந்துவிட்டாள். இடைவேளையில் மேடைக்குப் பின்னால் நுழைந்தவள் மகளிடம் தமிழில் உரக்கச் சொன்னாள்:

"ஏன்டி, படங்க இப்புடியா கட்டுவாங்க? கங்காணி பாத்தா சிரிப்பாரு! இன்னொரு குதி குதிச்சா அவுந்து விழுந்துரும்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சுதர்ஷினி சிங்களத்தில் கேட்டாள்: "அம்மே, யாரைத் தேடுறீங்க?"

சிங்களத்தில், முன்பின் தெரியாத வயதான பெண்ணையும் 'அம்மே' என்றுதான் அழைப்பார்கள்.

பிரேமலதா மகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு இயக்குநரிடம் சிங்களத்திலேயே சொன்னாள்: "யாரையும் இல்ல மாத்தயா. நான் தோட்டத்துல கொழுந்து பறிக்கிறவ. புள்ளைங்க தப்பாக் கட்டியிருக்குதுங்க. அதான் சொல்ல வந்தேன்."

இயக்குநருக்கு ஒரே சந்தோஷம். "நல்லதாப் போச்சு! இந்தப் பொண்ணுக்கே கட்டிக் காட்டுங்க அம்மே."

பிரேமலதா குனிந்து சாக்கை உருவி, விளிம்பை மடித்து, இறுக்கிச் சுற்றி, இடப்பக்கம் முடிச்சிட்டாள். விரல்களில் தேயிலைக் கறை. மகள் சிங்களத்தில் நன்றி சொன்னாள். இடைவேளைக்குப் பின் அம்மாவின் இருக்கை காலியாக இருந்தது.

மறுநாள் காலை அடுத்த காட்சிக்கு வரக்காப்பொல போகும் வழியெல்லாம் மன்னிப்பு வார்த்தைகளைக் கோத்து வைத்துக்கொண்டுதான் அம்மாவுக்குப் போன் எடுத்தாள்.

"முடிச்சு நின்னுச்சா?" என்றாள் அம்மா.

"நின்னுச்சும்மா."

"அப்ப சரி. மலைக்கி நேரமாச்சு." வைத்துவிட்டாள்.

அன்று இயக்குநர் மற்றப் பெண்களுக்கும் அவளையே கட்டிவிடச் சொன்னார். ஒவ்வொருத்தியின் முன்னும் குனிந்து கட்டினாள். ஒரு முடிச்சும் பிசகவில்லை.

"அந்த அம்மே ஒரு தடவ காட்டினதுக்கே படிச்சிட்டியே!" என்று பாராட்டினார்.

"ஆமா" என்றாள்.