ஆயில் வடிகிற நேரத்தில்

காருக்கு ஆயில் மாற்றுவது பெரிய வேலையே இல்லை; கீழே ஒரு நட்டைக் கழற்றினால் பழையது வரும், மேலே ஒரு மூடியைத் திறந்து ஊற்றினால் புதியது போகும், இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மனுஷன் கெட்டுப்போகிறான்.

இதைப் படிக்கிற உங்களில் சிலராவது போனில் வீடியோ பார்த்து, ஸ்பேனர் செட் வாங்கி, பழைய லுங்கியோடு காருக்கு அடியில் போனவர்களாக இருப்பீர்கள். சோப்புப் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு போகாமல், அந்தக் கையோடு சோற்றைப் பிசையும்போது வீட்டில் விழுகிற பார்வையை வாங்கியிருப்பீர்கள். உங்களுக்குத்தான் இது.

எனக்கு ஓசூர் தொழிற்பேட்டையில், இரும்புத் தகட்டை அழுத்தி வடிவம் செய்கிற பிரஸ் ஷாப்பில் மெயின்டெனன்ஸ் வேலை. நிரந்தர நைட் ஷிஃப்ட், நானே கேட்டு வாங்கியது. ராத்திரியில் படுத்தால் மனசு எதையாவது கிளறிக்கொண்டே இருக்கும், அதற்கு மெஷினோடு நிற்பது மேல். வீடு உத்தனப்பள்ளியில். விடிகிற நேரத்தில் சானமாவு காட்டு வழியாக பைக்கில் வந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் வளைவு திரும்பினால் நடு ரோட்டில் யானை. அதற்குப் பிறகுதான் பழைய கார் ஒன்றை வாங்கினேன். ஆனால் கார் வேண்டும் என்று முதலில் கேட்டது என் மனைவி வளர்மதி. அவள் பிறந்த ஊர் அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம் மலைமேல், நாட்றாம்பாளையம். பகலெல்லாம் தூங்குகிற புருஷனை நம்பிப் பிரயோசனமில்லை, தானே ஓட்டிக்கொண்டு போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது அவள் ஆசை. இந்தத் துணுக்குகளில் ஆயில் நிறைய வரும். ஆனால் போனது அந்த ஆசைதான்.

இரண்டு கால்கள்

முதல் தடவை ஆயில் மாற்றியபோது நான் ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தேன். இன்ஜின் சூடாக இருக்கும்போது கழற்றினால் ஆயில் தண்ணீர் மாதிரி வரும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். காம்பவுண்டு கேட்டுக்கு முன்னால் ஒரு சிமென்ட் சரிவு உண்டு. முன் சக்கரங்களை அதில் ஏற்றி நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, அடியில் பேசனை வைத்து நட்டைக் கழற்றினேன். ஆயில் கயிறு மாதிரி இறங்கியது. பிறகு நூலாச்சு. பிறகு சொட்டுச் சொட்டாக. கடைசிச் சொட்டு வரை விழ வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். சொட்டைப் பார்த்துக்கொண்டே மல்லாந்து கிடந்தேன். ராத்திரி முழுக்க விழித்தவன், கண் சொக்கிவிட்டது.

கண்ணைத் திறந்தபோது காரைச் சுற்றி ஏகப்பட்ட செருப்புகள் தெரிந்தன. வீட்டுக்காரர் நஞ்சப்பா, தோட்டத்துக்குப் போகிறவர், காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்துவிட்டுத் தெருவையே கூட்டியிருக்கிறார். கார் மேலே இறங்கி ஆள் முடிந்துவிட்டான் என்று யாரோ அழவும் ஆரம்பித்திருந்தார்கள். நான் எழுந்து வந்து வாயைத் துடைத்துக்கொண்டு நின்றேன். நஞ்சப்பாவுக்கு வீட்டில் தெலுங்கு, வெளியில் கன்னடம், என்னிடம் மட்டும் தமிழ். நிதானமாகச் சொன்னார்: "ஏம்பா, தூங்கறதுக்குத்தானே உனக்கு வீடு விட்டிருக்கேன், அது பத்தலையா?"

அன்றைக்குத்தான் என் முறை உண்டானது. காலையில் வந்ததும் நட்டைக் கழற்றிவிடுவது, வீட்டுக்குள் போய்ப் படுத்துவிடுவது, சாயங்காலம் எழுந்து புது ஆயில் ஊற்றுவது. நான் தூங்குகிற நேரத்தில் அது வடியும். இதைவிட நல்ல ஏற்பாடு நைட் ஷிஃப்ட்காரனுக்கு இல்லை என்று நினைத்தேன்.

ரப்பர் வளையம்

ஆயில் ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பார்க்க வேண்டும். நீங்கள் பார்ப்பீர்கள். நான் பார்க்கவில்லை. பழைய வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புது ஃபில்டரை முறுக்கிவிட்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வளர்மதி புதுப் புடவை கட்டி, அம்மாவுக்கு முறுக்கு சுட்டு டப்பாவில் அடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். கெலமங்கலம் தாண்டியதும் டேஷ்போர்டில் ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு லைட் எரிந்தது. உடனே ஓரம் கட்டி அணைத்தேன். பின்னால் திரும்பிப் பார்த்தால் ரோட்டில் நாங்கள் வந்த வழி முழுக்கக் கறுப்புக் கோடு.

இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. லைட்டைப் பார்த்ததும் அணைத்ததால் தப்பித்தது. அதை அவளுக்கு விளக்கினேன். "இந்த லைட் எரிஞ்சா எங்க இருந்தாலும் நிறுத்திடணும்" என்றேன். கற்றுக்கொடுக்கிற சந்தோஷம் எனக்கு. அவள் புளியமரத்தடியில் நின்று, டப்பாவைத் திறந்து எனக்கு ஒரு முறுக்கு கொடுத்துவிட்டு, மலை இருக்கிற திசையைப் பார்த்தபடி சொன்னாள்: "வேலைக்குப் போறப்ப ஒரு நாளும் நிக்கறதில்ல மாமா, எங்க ஊருக்குப் போற வழியிலதான் இதுக்கு எல்லாமும் வருது."

மெஷினுக்குக் கட்டிய தாலி

கம்பெனியில் எனக்கு ஒரு பேர் உண்டு. பிரஸ்ஸில் ஆயிலை இறக்கினால் சுவிட்சில் ஒரு சிவப்பு அட்டை மாட்ட வேண்டும்: 'ஆயில் இல்லை, இயக்காதே.' மாட்டியவனே கழற்ற வேண்டும். பல பேர் இப்போ முடிஞ்சிடும் என்று சும்மா விட்டுவிடுவார்கள். நான் விடமாட்டேன். டீ குடிக்கப் போனாலும் அட்டை தொங்கும். ஒரு தடவை அவசர ஆர்டர் என்று புரொடக்ஷன் சூப்பர்வைசர் என் அட்டையைக் கழற்றப் போனபோது அவர் கையைப் பிடித்துவிட்டேன். அவர் வயசில் சின்னவர், படித்தவர், கோபப்படவில்லை. மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்: "அண்ணன் அட்டை மாட்டறதில்லப்பா, மெஷினுக்குத் தாலி கட்றாரு."

இதை வீட்டில் வந்து சொன்னேன். வளர்மதி விழுந்து விழுந்து சிரித்தாள். அட்டையில் என்ன எழுதியிருக்கும் என்று கேட்டாள். சொன்னேன். பக்கத்துப் போர்ஷன் சித்ராவிடமும் போய் அதைச் சொல்லிச் சிரித்தாள்.

முன்னுக்கு நகர்ந்த சீட்

ஒரு சாயங்காலம் வேலைக்குக் கிளம்பிக் காரில் உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. யாரோ சீட்டை முன்னுக்கு நகர்த்தியிருக்கிறார்கள். கண்ணாடியும் என் உயரத்துக்கு இல்லை. இறங்கி வந்து கேட்டேன். வளர்மதி உள்ளே போய் லைசென்ஸைக் கொண்டுவந்து நீட்டினாள். ராயக்கோட்டை டிரைவிங் ஸ்கூலுக்குப் பகலில் போயிருக்கிறாள். லைசென்ஸ் வந்த பிறகு நம் காரையே எடுத்து, சித்ராவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, ஏரிக்கரை வரை போய்ப் போய்ப் பழகியிருக்கிறாள். எனக்கு எதுவும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் நான் தூங்கும்போது காலிங் பெல் கூட அடிக்காது. வயரைப் பிடுங்கி வைத்திருப்போம். என்ன ஆனாலும் என்னை எழுப்பக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

போட்டோவில் அவள் முகம் கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தது. நேரில் அப்படி இல்லை. அடுத்த மாதம் தனியாக நாட்றாம்பாளையம் போய் அம்மா வீட்டு வாசலில் ஹாரன் அடிக்கப்போவதாகச் சொன்னாள். அவ்வளவு தூரம் போகிறதென்றால் புது ஆயில் போட்டுவிடுகிறேன், அப்புறம் போ என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். சீட்டை நான் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் பக்கம் குனிந்து சொன்னாள்: "நீங்க தூங்கற நேரத்துல உலகம் நின்னுடுதுன்னு நெனச்சீங்களா மாமா?"

சானமாவு வளைவு

அந்தப் புது ஆயில் போட வேண்டிய நாள் வந்தது. காலையில் வந்தேன், சரிவில் நிறுத்தினேன், நட்டைக் கழற்றினேன், பேசனை வைத்தேன், படுத்தேன். கார் எப்போதும் நிற்கிற இடம் அந்தச் சரிவுதான். வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது; வளர்மதியிடமும் நான் சொல்லவில்லை. சாவி ஆணியில் தொங்கியது.

பக்கத்துப் போர்ஷனில் சித்ராவுக்கு நிறைமாசம். அவள் புருஷன் இசக்கி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பகல் ஷிஃப்டில் இருந்தார். இன்னும் நாள் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்க, வலி அன்றைக்கே வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். காத்திருக்கிற மாதிரி வலி இல்லை. வளர்மதி என்னை எழுப்பவில்லை. அவள் போட்ட சட்டத்தை அவளே மீறவில்லை. சாவியை எடுத்தாள், சித்ராவைப் பின் சீட்டில் படுக்கவைத்தாள், பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்த சித்ராவின் அம்மாவை முன்னால் ஏற்றினாள், ஓசூர் ரோட்டில் போனாள்.

லைட் கிளம்பியதிலிருந்தே எரிந்திருக்கிறது. சித்ராவைக் கவனித்த அவசரத்தில் அவள் பிறகுதான் பார்த்திருக்கிறாள். அந்த நேரம் கார் காட்டுக்குள் இருந்தது. யானை நடமாடுகிற இடம், பின்னால் சித்ராவின் சத்தம். அங்கே நிறுத்துவதா, காட்டைத் தாண்டி நிறுத்துவதா என்று யோசித்து, தாண்டிவிடலாம் என்று மிதித்திருக்கிறாள். சானமாவு வளைவில் இன்ஜின் அலறிக்கொண்டு ஜாம் ஆகி நின்றுவிட்டது. நல்லவேளையாக ராயக்கோட்டையிலிருந்து ஒரு தக்காளி வண்டி வந்தது. டிரைவர் பக்கத்தில் சித்ராவை ஏற்றி, கூட வந்த சித்ராவின் அம்மாவையும் ஏற்றி அனுப்பிவிட்டு, சாவியோடு காரை விட்டுப் போக மனசில்லாமல் இவள் நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரியில் பிரசவம் நல்லபடியாக ஆனது. பெண் குழந்தை.

வளர்மதி நஞ்சப்பாவுக்குத்தான் போன் பண்ணியிருக்கிறாள்; என்னை எழுப்பியது அவர். கேட்டுக்கு வந்தேன். சரிவில் கார் இல்லை. பேசன் மட்டும் இருந்தது, விளிம்பு வரை கறுப்பாக, பக்கத்தில் நட்டு. நஞ்சப்பாவின் வண்டியில் போனபோது அவள் டிரைவர் சீட்டிலேயே, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்தேன். நான் சொல்வதற்கு முன்னாலேயே கீழே குனிந்து பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தாள். அழவில்லை. கேட்டாள்: "ஒரு அட்டை மாட்டியிருந்தா நான் படிச்சிருப்பேனே மாமா, எனக்குப் படிக்கத் தெரியுமே?"

நல்ல மனுஷன்

தெருவில் செய்தி வேறு மாதிரி பரவியது. பொம்பளை ஓட்டினாள், இன்ஜின் போச்சு. டீக்கடையில் கேட்டார்கள், கம்பெனியில் கேட்டார்கள். நான் ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: ஆயிலை இறக்கிவிட்டுத் தூங்கியது நான், ஆயில் இல்லாத காரை யார் ஓட்டினாலும் அப்படித்தான் ஆகும். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். சிலர் என் தோளைத் தட்டினார்கள். எவ்வளவு விவரமாகச் சொல்கிறேனோ அவ்வளவு நம்பாமல் போனார்கள்.

வடித்த பழைய ஆயிலை நஞ்சப்பா எப்போதும் வேலிக் கம்பங்களுக்குக் கரையான் பிடிக்காமல் பூச வாங்கிக்கொண்டு போவார். அந்த நாள் ஆயிலை வாங்க வந்தபோது அவருக்கும் சொன்னேன். பேசனையே காட்டி, நட்டைக் கையில் எடுத்துக் காட்டிச் சொன்னேன். வளர்மதி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள், எல்லாம் காதில் விழும். அவர் ஆயிலைக் கேனில் சிந்தாமல் ஊற்றிக்கொண்டு, மூடியை இறுக்கிவிட்டுச் சொன்னார்: "என்னா ஆனாலும் பொண்டாட்டியை விட்டுக்கொடுக்காம பேசறே பாரு, நல்ல மனுஷன்பா நீ."

பக்கத்து சீட்

இன்ஜினைப் பிரித்து வேலை செய்து கார் திரும்பி வந்தது. முன்னைவிட சத்தம் குறைவு. சித்ரா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "எங்களைப் பாதி வழி கொண்டுபோனது யாருடி, பெரியம்மாகிட்ட சொல்லு" என்று குழந்தையைக் காட்டிப் பேசுவாள். வளர்மதி குழந்தையை வாங்கிக்கொள்வாள், பேச்சை வாங்கிக்கொள்ள மாட்டாள். டிரைவர் சீட்டை ஒரு நாள் நானே முன்னுக்கு நகர்த்தி, கண்ணாடியை இறக்கி, அவள் உயரத்துக்கு வைத்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். ஏரிக்கரை வரை போய்வரலாம் என்றேன். அவள் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

லைட்டைப் பார்த்தும் ஓட்டினேனே என்கிறதைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அட்டை மாட்டாததை மறந்துவிட்டாள், அல்லது எனக்காக விட்டுவிட்டாள். எது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. போன மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. சாவியை நீட்டினேன். வாங்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, தெரு முனையைப் பார்த்தபடி சொன்னாள்: "நீங்க படுங்க மாமா, தேன்கனிக்கோட்டை பஸ் இப்ப வந்துரும்."

இப்போது ஆயிலை இறக்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கில் சிவப்பு அட்டையை ஒரு தடவை கூட மறக்காமல் மாட்டுகிறேன். அதைப் படிக்க வேண்டியவள்தான் பஸ்ஸில் போய்விடுகிறாள்.