கொலுப்படிக்கு இடுக்கில் ஒரு கம்ப்யூட்டர்

சகாயராணியிடம் "ஃபார்மட் பண்ணிடலாமா?" என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சுள்ளென்று வந்துவிடும். அடுப்பு எரியவில்லை என்றால் திரியைப் பார்ப்பார்களா, வீட்டை இடிப்பார்களா? அவள் கட்சி அது. பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவரின் மகள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, துவாக்குடியில் ஒரு சின்ன சர்வீஸ் கடையில் பதினோரு வருஷம் உட்கார்ந்தாள். காலேஜ் பிள்ளைகள் டீயைக் கொட்டிவிட்டுக் கொண்டுவந்த லேப்டாப் எத்தனையோ அவள் கையில் பிழைத்தன. இப்போது கே.கே. நகரில் வீடு, ஒரு ஸ்கூட்டர், முதுகில் ஒரு பை. கூப்பிட்ட இடத்துக்குப் போய்ப் பார்த்துக் கொடுக்கிறாள். பிடித்த பிடியை விடமாட்டாள் என்பது ஊரறிந்த சங்கதி.

ஆயுதபூஜை, விஜயதசமி எல்லாம் முடிந்த மறுநாள், வெள்ளிக்கிழமை. ஸ்ரீரங்கத்தில் விசேஷங்களுக்குத் தளிகை, அதாவது சமையல், பண்ணிக் கொடுக்கும் ஹரிபிரசாத் காலையிலேயே போன் செய்தார்.

"கரெண்ட் போயிட்டு வந்தது. அதுலேர்ந்து நீலமா ஒரு திரை வரது, அணைஞ்சுடறது. சமையல் அளவெல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை ஒரு சஷ்டியப்தபூர்த்தி, நானூறு இலை. அஞ்சு மணிக்குள்ள மளிகைக்கு லிஸ்ட் சொல்லியாகணும்."

"நோட்டுல எழுதி வச்சிருப்பீங்களே சார்?"

"கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சேன்னு பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டேன்."

பின்னாலிருந்து அவர் மனைவி ஸ்ரீவித்யாவின் குரல் கேட்டது. "வேண்டாம்னு தலைபாடா அடிச்சுண்டேன்."

ஹரிபிரசாத்தின் மாமனார் கண்ணளவாகவே ஆயிரம் பேருக்குப் பண்ணியவர். மாப்பிள்ளை அவர் கூடவே நின்று, அள்ளிப் போட்ட புளியையும் மிளகாயையும் பிடுங்கித் தராசில் நிறுத்து நிறுத்து எழுதி வைத்த அளவுகள் அவை. பெரியவர் பரமபதித்து மூன்று வருஷம் ஆகிறது. இனிக் கேட்டுக்கொள்ள ஆள் இல்லை.

சகாயராணி காவிரிப் பாலத்து நெரிசலைத் தாண்டிப் போய்ச் சேரும்போது பதினொன்றரை. கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பது படிக் கொலு அந்த அறை முழுக்க நிற்கிறது. கொலுப்படிக்கும் சுவருக்கும் நடுவே பெட்டி செருகிக்கொண்டு கிடக்கிறது. மூஞ்சி மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"பின்பக்கம் கை போகாதே மாமி. படியைக் கொஞ்சம் நகர்த்தலாமா?"

"வெள்ளிக்கிழமை கொலுவைக் கலைக்கறதில்லைடிம்மா. நாளைக்கு வேணா."

நாளை எப்படி ஆகும்? சகாயராணி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தாள். அதற்குள் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளம் இருக்கிறது. வீட்டுக்காரர் படுத்துவிட்டார் என்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கதவைத் திறப்பதுபோல, பெட்டியை அதிலிருந்து எழுப்பி, உள்ளே இருப்பதைத் தொடாமல் வெளியே எடுத்துக்கொள்ளலாம்.

முன்பக்கத்து இரண்டு துளைகளில் ஒன்றில் குத்தி, பெட்டியின் சுவிட்சைப் போட்டாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து சரசரவென்று ஓடியது. பாதியில், படிக்க முடியவில்லை, படிக்க முடியவில்லை என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றுவிட்டது.

ஹரிபிரசாத் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "அவ்வளவுதானா? டிஸ்க் போயிடுத்தா?"

"இது உங்க டிஸ்க்கைப் பத்திச் சொல்லல சார். என் பென் டிரைவைப் படிக்க முடியலன்னு சொல்லுது. பேரு போட்டிருக்கு பாருங்க."

"காலம்பற போன்ல கேட்டப்போ ஒருத்தர் மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா போட்டா சரியாயிடும்னாரே."

"அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டியதுதானே?" என்றாள் சகாயராணி, திரும்பிப் பார்க்காமலே.

அதே பென் டிரைவைத் தன் லேப்டாப்பில் குத்தினாள். சமர்த்தாக எழுந்தது. உள்ளே இருப்பது பழுதில்லாமல் இருக்கிறதா என்று அதுவே சரிபார்த்துக்கொள்ளும் வழி உண்டு. அதையும் ஓடவிட்டாள். ஒரு குறையும் இல்லை. இன்னொரு பென் டிரைவைப் பெட்டியில் குத்தினாள். அதுவும் பாதியில் நின்றது.

"ரெண்டு பேரும் ஒரே இடத்துல தடுக்கி விழறாங்கன்னா, தப்பு அவங்க மேல இல்ல. வாசப்படில இருக்கு."

பெட்டியை அணைத்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு, டார்ச்சை அடித்துத் துளைக்குள் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று பொடி அப்பிக் கிடந்தது. அப்போதுதான் பெட்டியின் மூஞ்சியைச் சரியாகப் பார்த்தாள். பட்டையாகத் திருமண் நாமம், நடுவே சிவப்பாக ஸ்ரீசூர்ணம். இரண்டு வெள்ளைக் கோடும் இரண்டு துளைகளின் மேலேயே நேராக இறங்கியிருந்தன.

"பூஜையன்னிக்குச் சாத்தினீங்களா சார்?"

"கிரைண்டருக்குச் சாத்தினேன், அண்டாவுக்குச் சாத்தினேன். சோறு போடறது இதுவும்தானே?"

"கொஞ்சம் தள்ளிச் சாத்தியிருக்கலாம்."

"நடுவுல லட்சணமா இருந்தது" என்றார் அவர். பிறகு தயங்கி, "அழிக்கணுமா?" என்றார்.

"நெத்தியில கை வைக்க மாட்டேன் சார். வாய்க்குள்ள போனதை மட்டும் எடுக்கறேன்."

மெல்லிய பிரஷ், கொஞ்சம் ஸ்பிரிட். கால் மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்டி ஊதினாள். ஈரம் உலரட்டும் என்று ஸ்ரீவித்யா கொடுத்த மோரைக் குடித்தாள். மறுபடி குத்தினாள். இந்தத் தடவை எழுத்து முன்னைவிட ரொம்ப தூரம் ஓடி, கடைசியில் முரண்டு பிடித்தது. ஹரிபிரசாத் கண்ணை மூடி ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தார். சகாயராணி பக்கத்துத் துளையையும் அதேபோலச் சுத்தம் பண்ணி, அதில் குத்தினாள். திரை கொஞ்ச நேரம் இருண்டே கிடந்தது. பிறகு பளிச்சென்று வெளிச்சம் வந்தது.

டிஸ்க் உள்ளே நலமாகவே இருந்தது. 'தளிகை அளவு' என்று இருந்ததைத் திறந்தாள். நானூறு இலை, புளியோதரை, சாத்தமுது, திருக்கண்ணமுது எல்லாம் வரிசையாக நின்றன.

"உடனே படிக்காதீங்க சார். முதல்ல நகல் எடுத்துக்கறேன்."

அவர் எங்கே கேட்டார்? மணி மூன்றே கால்தான் ஆகியிருந்தது. மளிகைக் கடை ஜாவித்துக்குப் போன் போட்டு, திரையைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். துவரம்பருப்பு இவ்வளவு, வெல்லம் இவ்வளவு, நெய் இவ்வளவு. குரல் ஏறிக்கொண்டே போயிற்று. நானூறு முடிந்ததும் நிறுத்தவில்லை. கீழே இருந்த ஆயிரம் இலைக் கல்யாணத்துக்கும் சேர்த்து ராகமாக இழுத்துக்கொண்டு போனார்.

"சார்," என்றது போன், "ஜீரகம் ரெண்டாவது தடவை வருது. ஞாயித்துக்கிழமை நானூறு பேரா, ஆயிரத்து நானூறா?"

ஸ்ரீவித்யா அவர் கையிலிருந்து போனை வாங்கினாள். "நீங்க நானூறோட நிறுத்திக்கோங்கோ பாய். மிச்சம் அவர் சந்தோஷத்துல சொல்றது."

நீலத் திரையை நாளைக்குக் கொலுவை எடுத்த பிறகு வந்து சரிபண்ணுவதாகச் சொல்லிவிட்டு, சகாயராணி நகல் முழுதும் ஏறி முடிகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவருடைய போனில் ஒன்று, ஸ்ரீவித்யாவின் போனில் ஒன்று ஏற்றி, இரண்டையும் திறந்து காட்டச் சொல்லி, தன் கண்ணால் பார்த்த பிறகுதான் பையை மாட்டினாள்.