தோன் எவேலியோவின் சாக்கட்டி

வளைவில் பிரேக் கிறீச்சிட்டால் போதும், தோன் எவேலியோ கரண்டியைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்துவிடுவார். காதிடுக்கில் சாக்கட்டி தயாராக இருக்கும். பராய்சோ ஊர்க்கோடியில் அவர் வீடு. மழை நாளில் வாசலுக்கு ஒரு மோதலாவது வந்து சேரும். ஆண்டவர் புண்ணியத்தில் இதுவரை யார் உயிருக்கும் பழுதில்லை.

"மொதல்ல ஆளப் பாருங்க, தகரத்த அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். நடுங்குகிறவர்களுக்குச் சூடாக வெல்லத் தண்ணீர் கொடுப்பார். பிறகு முழங்கால் முனக முனகக் குனிந்து, ஒவ்வொரு சக்கரத்தைச் சுற்றியும் சாக்கட்டியால் கோடு இழுப்பார்.

"டிராபிக் ஆபீசர் வர்ற வரைக்கும் ஒரு விரக்கடை நகத்தக் கூடாது. இன்னொண்ணு, 'என் தப்பு'ன்னு மட்டும் வாயத் தொறந்துடாதீங்க. இன்சூரன்ஸ்காரனுக்குப் பாம்புக் காது."

"இவரு வாயத் தொறந்து ஒத்துக்கிட்டது கல்யாணத்தன்னைக்கு ஒரு தடவதான்" என்பாள் மனைவி நிதியா.

போன ஞாயிறு பேத்திக்கு மலைக்கோயிலில் ஞானஸ்நானம். குழந்தையோடு நிதியா வாசலில் நிற்க, தோன் எவேலியோ காரைப் பின்னால் எடுத்தார். ரேடியோப் பாட்டை ரசித்தாரே தவிர கண்ணாடியைப் பார்க்கவில்லை. டமார். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த பங்குச் சாமியார் அன்செல்மோவின் ஜீப்.

இறங்கினார். சாமியாரை ஏற இறங்கப் பார்த்தார், அடியில்லை. உடனே குனிந்து ஜீப் சக்கரத்துக்குக் கோடு போட்டார்.

"ஆபீசர் வர எவ்வளவு நேரமாகும், எவேலியோ?"

"ஞாயித்துக்கெழம. ரெண்டு மணி நேரமாவது ஆகும், சாமி."

"பதினோரு மணிக்கு எனக்கு அடுத்த ஊர்ல பூசை. இப்ப விட்டா ஞானஸ்நானம் அடுத்த மாசந்தான். யார் தப்புன்னு ஒத்துப்போனா வண்டிய எடுத்துடலாமில்ல?"

"அத ஆபீசர்தான் சொல்லணும், சாமி."

"அப்ப அவரையே தண்ணி ஊத்தச் சொல்லிடு."

நிதியா சிரிக்கவில்லை. "சொந்தக்காரங்க அத்தன பேரும் மேல காத்திருக்காங்க. கொழந்தையப் பாருங்க" என்றாள்.

பார்த்தார். வெள்ளைத் தொப்பிக்குள் அது கொட்டாவி விட்டது. தோன் எவேலியோ சாக்கட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டார். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். வலது கையை மடக்கி, பூசையில் 'என் பாவமே' என்று தவற்றை ஒத்துக்கொள்ளும்போது தட்டுவதுபோல, நெஞ்சில் மெதுவாக மூன்று முறை தட்டினார்.