பெருவிரல் கூடு

அண்ணை கனடாவிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது, அவருடைய பெட்டிக்குள் இருந்த கறுப்புப் பந்தைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தப் பாரத்துக்கு எத்தனை நல்ல சாமான் கொண்டு வந்திருக்கலாம்! மூன்று துளை போட்ட பந்து. நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் ஒவ்வொன்று, பெரியது பெருவிரலுக்கு. அங்கே சனிக்கிழமைகளில் தொழிற்சாலைக் கூட்டாளிகளோடு போய், வழுவழுத்த பலகைத் தரையில் இதை உருட்டிக் கட்டைகளை விழுத்துவாராம். அண்ணி செத்த பிறகு அந்தச் சனிக்கிழமை ஒன்றுதான் தனக்கு மிஞ்சியது என்றார். பந்தை நானே துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தேன்.

விசுவமடுவில் பலகைத் தரைக்கு எங்கே போவது? எங்கள் வளவில் நெல் காயப்போடும் சீமெந்துத் தளம் இருந்தது. அறுவடை இல்லாத மாதங்களில் அது சும்மா கிடக்கும். அதன் ஒரு தொங்கலில் மண் நிரப்பிய சோடாப் போத்தல்களை அடுக்கிவிட்டு, மற்றத் தொங்கலில் நின்று உருட்டுவார். போத்தல்கள் சரிந்தால் கையை உயர்த்திக்கொண்டு குதிப்பார். அறுபது தாண்டிய மனிசன்.

"அண்ணை, சனம் பாத்துச் சிரிக்கப் போகுது."

"சிரிக்கட்டும் பிள்ளை. இஞ்சை ஆர் சிரிக்கினம்? அதையாவது செய்யட்டும்."

பெருவிரல் துளைக்குள் தனியாக ஒரு பிளாஸ்டிக் குழாய் இருந்தது. திருகிக் கழற்றலாம். அதற்கு அவர் ஏதோ இங்கிலீசுப் பெயர் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. நான் கூடு என்றேன், அவரும் கூடு என்றே சொல்லத் தொடங்கிவிட்டார். பந்தைக் கையிலிருந்து விடும்போது கடைசியாக உரசுவது பெருவிரல்தான். அதனால் அந்தக் கூடு வியர்வையிலும் உரசலிலும் தேயும், சிலவேளை விளிம்பு வெடிக்கும், அப்போது புதிது போடவேண்டும் என்று விளக்கம் சொன்னார். அங்கத்தைத் தமிழ்க் கூட்டாளி ஒருவர் வாங்கிக் கொடுத்த மேலதிகக் கூடுகள் சிலவற்றை ஒரு பழைய காலுறைக்குள் போட்டுக் கொண்டு வந்திருந்தார்.

முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு பந்து கையிலிருந்து நேரத்துக்கு முந்தியே நழுவி, காலடியிலேயே விழத் தொடங்கியது.

"கூடு தேஞ்சு போச்சு" என்றார். உள்ளே டேப் துண்டு ஒட்டினார். அதுவும் சரிவராமல் புதிய கூடு மாற்றினார். கொஞ்ச நாள் போக, அதுவும் லூசாம். கனடாவில் ஒரு கூடு எவ்வளவோ காலம் நிற்குமாம். வன்னி வெயிலுக்கு பிளாஸ்டிக் இளகுகிறது என்று அவர் முடிவு கட்டினார். காசு மிச்சம் பிடிக்க மலிந்த சாமான் வாங்கிக் கொடுத்திருக்கிறான் என்று அந்தக் கனடாக் கூட்டாளியை நான் திட்டினேன். காலுறை மெல்ல மெல்ல வெறுமையானது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை எங்கள் பக்கத்தில் எடைபோடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஊதிப்போய் வருவார்கள். இங்கே வந்து மெலிந்தால் ஊர்த் தண்ணீர் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். அண்ணையும் மெலிந்தார். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இப்பதான் உன்ரை அண்ணை ஆள் வடிவா வந்திருக்கிறார், என்னடி குடுக்கிறாய்?" என்று கேட்டாள். குரக்கன் புட்டும் முருங்கையிலையும் என்று நான் பெருமையடித்தேன். அவருடைய பெல்ட்டில் சுட்ட ஆணியால் புதிய துளை போட்டுக் கொடுத்ததும் நான்தான், சிரித்துக்கொண்டே.

ஒரு நாள், அன்று காலைதான் போட்ட புதிய கூட்டோடு பந்து அவருடைய பாதத்தில் விழுந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர் கழற்றி எறிந்த பழைய கூட்டையும், பந்திலிருந்த புதியதையும் எடுத்து, என் பெருவிரலை மாறி மாறி விட்டுப் பார்த்தேன். மண்வெட்டி பிடித்துத் தடித்த விரல். இரண்டிலும் ஒரே மாதிரித்தான் இறுகியது. பழைய கூடு தேயவே இல்லை.

"அண்ணை, கையைக் காட்டுங்கோ."

நீட்டினார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் சதை இல்லை. பள்ளம் விழுந்திருந்தது.

கிளிநொச்சியில் பார்த்த இளம் டொக்டர் முதலில் கேட்டது, "சண்டையிலை காயப்பட்டனீங்களோ? உடம்பிலை செல் துண்டு ஏதும் இருக்கோ?" எங்கள் பக்கத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அண்ணை தலையைக் குனிந்துகொண்டு, "நான் அப்ப இஞ்சை இருக்கேல்லை" என்றார். ஏதோ களவு செய்து பிடிபட்டவர் போல நின்றார். செல் துண்டு என் தோளில்தான் இருக்கிறது. அதோடுதான் நான் நாற்று நடுகிறேன், நெல் துழாவுகிறேன். ஒருவராவது தப்பினாரே என்று அத்தனை வருடமும் நினைத்திருந்தோம்.

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து கொழும்புக்கு. கொழும்பில் பெரிய டொக்டர் அண்ணைக்கு இங்கிலீசில் சொன்னார். திரும்பி வரும் ரயிலில் அண்ணை எனக்குத் தமிழில் சொன்னார். நரம்பு வருத்தமாம். சதை வற்றிக்கொண்டே போகுமாம். இப்போது கை, பிறகு கால். மருந்து இல்லை. கனகராயன்குளம் தாண்டும்வரை நான் அழுதேன், அவர் தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு கிழமையில், "சின்ன அளவிலை ஒரு கூடு எடுப்பிச்சா உருட்டலாம் பிள்ளை" என்றார்.

"உங்களுக்கென்ன விசரோ?" என்று கத்திவிட்டேன். பிறகு குசினிக்குள் போய் நின்று யோசித்தேன். அந்த மனிசன் வேறு என்னதான் கேட்டார்? கனடாக் கூட்டாளிக்கு நானே போன் எடுத்தேன். அளவு அனுப்பச் சொன்னார். மோதிரத்துக்கு எடுப்பது போல அண்ணையின் விரலைச் சுற்றி நூல் பிடித்து அளவெடுத்தேன். கூட்டாளி கடைக்குப் போய்த் திரும்ப அழைத்தபோது சில கிழமை போயிருந்தது. அதற்குள் பழைய நூல் விரலுக்குப் பெரிதாகிவிட்டது.

"பார்சல் வந்து சேர எவ்வளவு காலம் எடுக்கும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு மூண்டு மாசம் எண்டு வையுங்கோவன், தங்கச்சி."

ஈர நெல்லைத் தளத்தில் பரவிவிட்டு, காய்ந்தால் எவ்வளவு குறையும் என்று கையால் அள்ளிப் பார்த்தே சொல்லிவிடுவேன். பிழைத்ததில்லை. அந்தக் கணக்கை நான் என் அண்ணையின் விரலுக்குப் போட்டேன். அவருடைய விரல் அன்று இருந்த அளவைச் சொல்லவில்லை. பார்சல் வரும் நாளில் என்ன அளவு இருக்கும் என்று நினைத்தேனோ அதைச் சொன்னேன். அண்ணைக்கு இது தெரியாது. சொல்லி முடித்துப் போனை வைத்தபோது, இப்படி ஒரு கணக்கைப் போட எனக்கு எப்படி மனம் வந்தது என்று என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

கூடு வந்தது. தளத்தில் போத்தல்களை அடுக்கி, கதிரை போட்டு அவரை இருத்தி, கூட்டைத் திருகிப் பூட்டி, பந்தை மடியில் வைத்தேன். விரலைப் பிடித்து உள்ளே விட்டேன். அச்சொட்டாகப் பொருந்தியது.

"பாத்தியே? சரியான அளவு! அவனுக்கு என்ரை கை இன்னும் ஞாபகம் இருக்கு" என்றார். அவ்வளவு சந்தோசம் அவருடைய முகத்தில்.

பிறகு தூக்கப் பார்த்தார். தோள் நடுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. பந்து மடியைவிட்டு அசையவில்லை. நான் குனிந்து இரண்டு கையாலும் பந்தைத் தாங்கித் தூக்கி, கதிரைக்குப் பக்கமாகத் தரையோடு பதித்துப் பிடித்தேன். அவருடைய விரல் உள்ளேயே இருந்தது.

"இனி விடு பிள்ளை. நான் உருட்டுறன்."

விட்டால் பந்து போகிற பக்கம் அவரையும் இழுத்து விழுத்திவிடும். கூடு அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தது. அவர் எதிரே நின்ற போத்தல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விட்டிட்டன் அண்ணை" என்றேன், இரண்டு கையாலும் பிடித்தபடி.