அக்காவுக்கென்று போட்ட குழாய்

என் அக்கா வீட்டுக்காரர் குழாய் வேலை செய்பவர். அவர் ஒட்டிய இணைப்பு எதுவும் ஒழுகியதில்லை என்பதால் தெருவே அவரைச் 'சொட்டாத மாமா' என்று கூப்பிடும். எனக்கும் மாமாதான். ஊரில் எல்லோருடைய அடைப்பையும் எடுப்பார். தனக்கென்று வாயைத் திறந்து எதையும் கேட்க மட்டும் வராது.

அக்காவுக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. கழிப்பறையோ கொல்லைக் கோடியில். கம்பை ஊன்றிப் படியிறங்கிப் போய், குந்தி எழுந்து திரும்புவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும்.

வீடு மாமாவுக்கும் அவர் தம்பிக்கும் பொது. ஆளுக்கொரு பக்கம் இருந்தார்கள். தெருப்பக்கமும் வாசல் உள்ள நடு அறையில் தட்டுமுட்டுச் சாமான் கிடந்தது. ஒருநாள் தம்பி வந்து தேனொழுகப் பேசினார்.

"அண்ணே, நடு ரூம்ல ஒரு மூலையத் தடுத்து வெஸ்டர்ன் டாய்லெட் வச்சிரலாம். அண்ணி படுற கஷ்டத்தப் பாக்க முடியல. சாமான் நான் வாங்கித் தரேன், வேலைய நீ பாரு."

அக்கா அன்றைக்கு அவருக்கு இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தாள்.

பழைய கழிவுக் குழாய் கொல்லைப் பக்கம் இருந்தது. புதியதை அதில் சேர்க்கத் தம்பியின் கூடத்தைச் சுற்றிக்கொண்டு போகலாம். ஆனால் வளைவு அதிகம், அடைத்துக்கொள்ளும். மாமாவின் படுக்கையறை வழியாகப் போனால் நேர்வழி, நல்ல சரிவும் கிடைக்கும்.

"நம்ம டாய்லெட்டுக்கு நம்ம தரைய உடைச்சா என்ன?" என்று கட்டிலை நகர்த்திவிட்டு உடைத்தார். பழைய குழாயை அறுத்து, தண்ணீர் போகும் பக்கமாகச் சாய்ந்த கிளை ஒன்றைப் பொருத்தினார். அடைப்பெடுக்கும் மூடியையும் கட்டிலுக்கடியிலேயே வைத்தார். பீங்கானைப் பதிக்குமுன் அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து உயரம் பார்த்தார். பிடித்து எழச் சுவரில் கம்பியும் அடித்தார். "மகாராணிக்குச் சிம்மாசனம்!" என்று நான் கிண்டல் செய்ய, அக்கா வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"சிமெண்ட் காயட்டும் அண்ணே. அதுவரைக்கும் அண்ணியோட எங்கயாவது போய்ட்டு வாயேன்" என்றார் தம்பி. என் வீட்டில் வந்து தங்கினார்கள்.

திரும்பக் கொண்டுபோய் விட்டபோது, மாமா பக்கமிருந்து நடு அறைக்குப் போகும் வாசலைக் காணோம். செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தது. தெருப்பக்கம் யாரோ ஒரு குடும்பத்தின் பீரோ இறங்கிக்கொண்டிருந்தது.

"வாடகைக்கு விட்டுட்டேன்ணே. டாய்லெட் இல்லாம எவன் வருவான்? அண்ணிக்கு அப்புறமா பாத்துக்கலாம்."

கூடப் பிறந்தவன் பேசுகிற பேச்சா இது? மாமா பூச்சின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தபடி நின்றார். நான்தான் கத்தினேன்.

"அந்த மூடியத் திறந்து ஒரு சாக்க அடைச்சு விடுங்க மாமா! எல்லாம் அங்கயே பொங்கட்டும்!"

"குழாய் என்ன தப்புப் பண்ணுச்சு?" என்றார். 

அன்று நான் அங்கேயே தங்கினேன். காலையில் அக்கா கம்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குக் கிளம்பினாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அது கட்டிலுக்கடியில் எங்கும் தேங்காமல் விறுவிறுவென்று ஓடியது. சத்தம் அடங்கும்வரை அக்கா நின்று கேட்டாள்.

"ஒழுகலையே?"

"இல்ல" என்றார் மாமா, தலையைத் தூக்காமல்.