மிளகுப் பாறையில் ஒரு குழி

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை. மிளகு பறித்தால் அதன் மேல்தான் காயப் போடுவோம். பாறையின் நடுவில் அண்டா அகலத்துக்கு ஒரு குழி உண்டு. மழையில் குழி நிறைந்த மூன்றாம் நாள், அதில் ஊசிமுனை அளவில் பூச்சிகள் வரும். பத்து நாளில் விரல் நகத்தளவு வளரும். தண்ணீரின் நிறம்தான் அவற்றுக்கும். எல்லாம் மல்லாக்கப் படுத்தபடி நீந்தும்.

தண்ணீர் வற்றினால் காணாமல் போகும். கோடையில் அந்தக் குழியில் கால் வைக்க முடியாத சூடு. அடியில் கொஞ்சம் தூசிமண் மட்டும் கிடக்கும். பக்கத்தில் ஓடையும் இல்லை. அடுத்த மழைக்கு இவை எங்கிருந்து வருகின்றன?

நான் ஐந்தாவது வரை படித்தவன். சோளக்காட்டுச் சந்தையில் விவசாய ஆபீசரைப் பார்த்தபோது, இதைக் கேட்கலாமென்று பக்கத்தில் போனேன். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

நான் குழியருகே குந்தியிருந்தால் என் மனைவிக்குச் சிரிப்பு. "ஏனுங்க, என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப இதுல பாதி நேரமாச்சும் தலையத் தூக்கிப் பாத்தீங்களா?" என்பாள்.

போன வருஷம், குழித்தூசி பறந்து மிளகில் படிகிறது என்றாள். நான் குழியைச் சுரண்டி, துடைப்பத்தால் கூட்டி, மண்ணை ஆட்டுக் கொட்டகையில் தகரக் கூரைக்கு அடியில் கொட்டினேன். அப்போது வேறெதுவும் தோன்றவில்லை.

மழை வந்து குழி நிறைந்தது. மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் தண்ணீர் வெறுமனே கிடந்தது. எட்டாம் நாள்தான் துடைப்பம் நினைவுக்கு வந்தது. எத்தனையோ காலமாக அந்தக் கல்லில் பிழைத்து வந்தவற்றை ஒரு காலைப் பொழுதில் கூட்டித் தள்ளிவிட்டேனா?

கொட்டகைக்குப் போனேன். மண் நனையாமல் கிடந்தது. மேலே ஆட்டுப் புழுக்கை. கோடை முழுக்கத் தகரச் சூட்டில் கிடந்து மாவுபோல் உலர்ந்திருந்தது. இதிலா உயிர் இருக்கும்? இருந்தாலும் ஒரு கை அள்ளிக் குழியில் போட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை.

மறுநாள் கலங்கல். அதற்கடுத்த நாள் தெளிந்தது, ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலையில் வெயில் பட்ட இடத்தில் தூசி மிதப்பதாக நினைத்தேன். தூசி விட்டுவிட்டுத் துள்ளியது.

அவளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் குந்தி நெடுநேரம் பார்த்தாள்.

"அந்த மண்ணுக்குள்ள முட்டையாட்டமாக் கெடந்திருக்குமுங்களா? அந்தச் சூட்டுலயா?"

"அப்படித்தான் இருக்கோணும்" என்றேன்.

மீதி மண்ணையும் அள்ளி வந்து போட்டேன். வேட்டியில் கையைத் துடைக்கப் போனபோது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"குழிக்குள்ளயே கழுவுங்க" என்றாள்.